ஒன்பதாம் நம்பர் பல்

மக்ளே,

நீ நலமான்னு கேக்க வேண்டிய அவசியம் இல்ல. காலையில ஏழு மணிக்கு ரெண்டு தோசைய நின்னுக்கிட்டே பிச்சுத் தின்னுட்டு, "அப்பா, கார்டெல்லாம் குடுத்து முடிச்சாச்சா"ன்னு கேட்டுட்டு, என் பதில் வர்றதுக்குள்ள செருப்ப மாட்டிக்கிட்டுப் பன்வேல் லோக்கல் ரயிலப் பிடிக்க ஓடிட்ட. நல்லாத்தான் இருக்க. நானும் நல்லா இருக்கேன். உன் அம்மா உன் கல்யாணச் சேலைக்கு ஃபால் தைக்கக் குடுத்த கடையில ஒரு சண்டையப் போட்டுட்டு வந்து ரொம்ப நல்லா இருக்கா. செம்பூர்ல ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இந்த மனுஷன் என்னத்துக்குக் கடுதாசி எழுதுறாருன்னு நீ யோசிப்ப. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா நீ ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓடவிட்டுக் கேப்பன்னு எனக்குத் தெரியும். தமிழ்ல எழுதினா எழுத்துக்கூட்டித்தான் படிச்சாகணும், நடுவுல தாண்டிப் போக முடியாது. அதுக்காகத்தான் தமிழ். பொறுமையாப் படி. என்னைத் திட்டணும்னு தோணுற இடம் ரெண்டு இருக்கு, அங்க கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு மேல படி.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கு, அப்பா புத்திமதி எழுதியிருக்காருன்னு நீ நினைச்சிருந்தா அதுவும் கொஞ்சம் வரும். ஆனா முதல்ல நான் ஒரு பொய்ய ஒத்துக்கிடணும். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, கோயில் முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்திருந்தோம். மீன் குழம்பு. உங்க லேப்ல நீ கண்டுபிடிச்சதுக்குப் பேட்டன்ட் போடப் போறாங்கன்னு அன்னைக்குத்தான் எங்களுக்கு விளக்கிச் சொன்ன. உன் அம்மா, "பல்லுக்கா பேட்டன்ட்டு? பல்லு நம்ம எல்லாருக்கும் இருக்கே"ன்னு கேட்டா. நீ கைய நக்கிக்கிட்டே சிரிச்ச. பல்லுக்கும் இல்ல, பல்லுக்குள்ள இருக்குற ஸ்டெம் செல்லுக்கும் இல்ல, உடம்புல தானா இருக்கறத நான் பாத்துட்டேன்னு சொல்லி யாரும் சொந்தம் கொண்டாட நம்ம சட்டத்துல இடமில்ல, நோயாளிக்கு வைத்தியம் பாக்குற முறைக்கும் இடமில்லன்னு சொன்ன. அந்தச் செல்ல வளக்குறதுக்கு எல்லாரும் கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுக்குற ஒரு தெளிவ ஊத்துறாங்க, நீ அது இல்லாமலே வளக்குறதுக்கு ஒரு கரைசல் செஞ்சிருக்க, அந்தக் கரைசலுக்கும் வழிக்கும்தான் பேட்டன்ட்டுன்னு சொன்ன. "அப்ப ரசத்துக்குத்தான் உரிமை, பருப்புக்கு இல்ல"ன்னு உன் அம்மா முடிச்சுட்டா. நீ அத உன் வக்கீல்கிட்டயே சொல்லப் போறேன்னு சொன்ன.

அப்புறம் நீ சொன்ன ஒரு விஷயம்தான் என் தொண்டையில முள்ளு மாதிரி சிக்கிச்சு. ஸ்டெம் செல்லுன்னாலே உலகம் பூரா சண்டைன்னு சொன்ன. கருவ அழிச்சு எடுக்குற செல்ல வச்சு ஏதாவது செஞ்சு பேட்டன்ட் கேட்டா ஐரோப்பாவுல கதவையே சாத்திருவாங்க, நம்ம நாட்டுலயும் பொது ஒழுக்கத்துக்கு விரோதமா வந்தது எதுக்கும் குடுக்கமாட்டாங்கன்னு சொன்ன. "நம்ம செல்லுல அந்தப் பிரச்சினையே இல்லப்பா. தானா விழப்போற பால் பல்லு. யாருக்கும் வலியில்ல, யாரையும் ஏமாத்தல. இவ்வளவு சுத்தமான செல்லு எங்க கிடைக்கும்?"னு பெருமையாச் சொன்ன. சொல்லிட்டு, வக்கீல் கேக்கச் சொன்னாருன்னு என்னைப் பாத்து, "அப்பா, பல்லு குடுத்த பதினாலு பிள்ளைங்க வீட்டுலயும் அந்தச் சம்மத ஃபாரத்தோட ரெண்டாம் பக்கத்தப் படிச்சுக் காட்டித்தான வாங்குனீங்க?"ன்னு கேட்ட. நான் மீன் முள்ள எடுத்துக்கிட்டே, "ஆமா, ஆமா"ன்னு சொன்னேன். மக்ளே, படிச்சுக் காட்டல. ஒரு வீட்டுலயும் படிச்சுக் காட்டல.

உனக்குத் தெரியாத கதை இல்ல, ஆனாலும் முழுசாச் சொல்லுறேன். நம்ம தமிழ் ஆளுங்க நிறைய இருக்குற லேபர் கேம்ப்ல, நம்ம டாக்டரோட பல் கிளினிக்ல நான் முப்பது வருஷம் கம்பவுண்டர். ஊர்ப் பிள்ளைங்க முக்காவாசிப் பேரோட வாயி எனக்குத் தெரியும், பேரு தெரியாட்டியும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீ லேப்ல சேந்த புதுசுல, பால் பல்லு வேணும், தானா விழுந்து காஞ்சது ஆகாது, ஆடிக்கிட்டு இருக்கும்போது டாக்டர் எடுத்தது, உள்ள உசுரு இருக்கணும்னு சொன்ன. டாக்டர் சரின்னாரு. உங்க ஆளுங்க வந்து ஃபாரம் குடுத்துட்டு, பெத்தவங்களுக்கு விளக்கிச் சொல்லுற பொறுப்ப என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க, தமிழ் தெரிஞ்சவன்னு. ரோஸ் கலர்த் தண்ணி இருக்குற குப்பியில பல்லப் போட்டு, தெர்மாகோல் பெட்டியில ஐஸ் வச்சு, ரயில்ல மீன் கூடைக்காரங்களுக்கு நடுவுல நானே நெருள்ல இருக்குற உன் லேபுக்குக் கொண்டு வருவேன். "பெட்டியில என்ன அண்ணாச்சி"ன்னு கேட்டா, "என் மகளுக்குச் சாப்பாடு"ன்னு சொல்லுவேன். ஃபாரம் விஷயத்துல நான் செஞ்சது இவ்வளவுதான்: "குப்பையில போற பல்லு, என் மக படிப்புக்கு வேணும், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க." போட்டுட்டாங்க. என்னை அவ்வளவு நம்புனாங்க. ரெண்டாம் பக்கத்துல என்ன இருக்குன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. நெசமாச் சொன்னா, நானே படிச்சதில்ல.

இதுதான் தண்ணி குடிக்க வேண்டிய முதல் இடம்னு நினைக்காத, அது இப்பத்தான் வருது. நம்ம பிள்ளைங்களுக்குப் பல்லு விழுந்தா என்ன செய்யும்னு உனக்குத் தெரியும். கூரையில எறியணும். லேபர் கேம்ப்ல கூரைன்னா தகரம், பத்ரா. அதுல டங்குன்னு ஒரு சத்தம் கேக்கணும், கேட்டாத்தான் புதுப் பல்லு நல்லா முளைக்கும்னு அதுங்களுக்குள்ள ஒரு சட்டம். பல்லப் பிடுங்குனதும் அழுகைய நிறுத்திட்டு முதல்ல கேக்குறது, "அங்கிள், என் பல்லக் குடுங்க." நான் என்ன செய்வேன், பல்லு குப்பியில கிடக்கு. அதனால, அச்சு எடுக்குற பிளாஸ்டர் இருக்கே, அதுல சின்னதா ஒரு துண்ட உடைச்சு, ராவி, பல்லு மாதிரியே ஆக்கி, காயிதத்துல மடிச்சுக் குடுத்துருவேன். முதல்ல ஏனோதானோன்னுதான் செஞ்சேன். அப்புறம் அதுலயும் ஒரு அழகு பாக்க ஆரம்பிச்சுட்டேன். முன் பல்லுக்கு ஒரு மாதிரி, கடைவாய்க்கு ஒரு மாதிரி. காலையில கிளினிக் திறந்ததும் நாலஞ்சு ராவி டப்பாவுல போட்டு வச்சுக்குவேன். பதினாலு பிள்ளைங்களும் அந்தப் பிளாஸ்டர வாங்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடிப் போய்க் கண்ண மூடி வேண்டிக்கிட்டு பத்ரா மேல எறிஞ்சுதுங்க. எனக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாத் தெரிஞ்சுது. பிள்ளைக்குப் பிள்ளையும் சந்தோஷம், மகளுக்குப் பல்லும் ஆச்சுன்னு நினைச்சேன். யாரையும் ஏமாத்தலன்னு நீ அன்னைக்குச் சொன்னப்ப எனக்கு அந்த டப்பாதான் ஞாபகம் வந்துச்சு.

வாய் திறக்காம இருந்திருப்பேன், மக்ளே. உன் கல்யாணக் கார்டு வந்து மாட்டிவிட்டுருச்சு. முதல் கார்ட எங்க வைக்கிறதுன்னு உன் அம்மா கேட்டப்ப, லேபர் கேம்ப்ல இருந்து ஆரம்பிப்போம்னு நான்தான் சொன்னேன். தட்டுல பழம், கற்கண்டு, கார்டு, நான் வெள்ளச் சட்டை, உன் அம்மா பட்டுச் சேலை, வியர்வை ஊத்துது. முதல் வீடு ரூபன் வீடு. அவன் பல்லு நாலாம் நம்பர், இப்பப் பதினஞ்சு வயசு, மீசை அரும்பிட்டு. அவன் அம்மா கார்ட வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு, "எங்க ரூபன் பல்ல வச்சுத்தான அண்ணாச்சி உங்க மக டாக்டர் பட்டம் வாங்குனா, அவனுக்கு ஸ்பெஷல் பிரியாணி வைக்கணும்"னா. பய உடனே, "என் பல்லா? என் பல்ல நான் பத்ரா மேல எறிஞ்சேனே"ன்னான். அவன் அம்மா என்னைப் பாத்தா. உன் அம்மாவும் என்னைப் பாத்தா. முப்பது வருஷமா அடுத்தவன் வாயத் திறக்கச் சொன்னவன் நான், அன்னைக்கு என் வாயத் திறக்க வேண்டியதாப் போச்சு. எல்லாத்தையும் சொன்னேன். பிளாஸ்டரச் சொன்னேன், ராவுனதச் சொன்னேன். ரூபன் சிரிக்க ஆரம்பிச்சவன் கட்டில்ல இருந்து கீழ விழுந்துட்டான். "அங்கிள், மேரா தாந்த் அபி ஃப்ரீசர் மே ஹை?"ன்னு, தன் பல்லு இப்ப ஃப்ரீசர்லயா இருக்குன்னு கேட்டுக்கிட்டே வெளிய ஓடிப்போய்த் தெருவுல அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டான். பத்து நிமிஷத்துல வாசல் நிறைய ஆளு.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பட்டுச் சேலைய மாத்தினா. அப்புறம், "அந்த ரெண்டாம் பக்கத்த எடுங்க, என்னதான் எழுதியிருக்கு பாப்போம்"னா. உக்காந்து படிச்சோம். தமிழ்லயே இருந்துச்சு, ஆனா எந்த ஊருத் தமிழோ. குருத்தணுவாம், காப்புரிமையாம். நாலு தடவை படிச்சப்பத்தான் விளங்குச்சு. இந்தப் பல்லுல இருந்து நாளைக்கு விக்கிற பொருள் ஒண்ணு வரலாம், அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது, விருப்பம் இல்லன்னா வேண்டாம்னு சொல்லலாம், குடுத்த பிறகும் வேண்டாம்னு சொல்லலாம், ஏழு வயசுக்கு மேல உள்ள பிள்ளைன்னா பிள்ளைகிட்டயும் கேக்கணும். கடைசி வரிய உன் அம்மா விரல வச்சு ரெண்டு தடவை படிச்சா. அவ எட்டாங்கிளாஸ்தான், ஆனா ஒண்ணு கேட்டா பாரு: "பேட்டன்ட்டுன்னா என்னன்னு சொன்னா உங்க மக?" இருபது வருஷத்துக்கு நம்மளக் கேக்காம வேற யாரும் அதச் செஞ்சு விக்க முடியாதுன்னு நீ சொன்னதச் சொன்னேன். "அப்ப, எங்களக் கேக்காம யாரும் தொடக்கூடாதுன்னு சொல்றதுக்காக, நீங்க யாரையும் கேக்காம எடுத்திருக்கீங்க"ன்னா. சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிட்டா. எனக்கு முகத்த எங்க வச்சுக்கிடுறதுன்னு தெரியல.

அதுக்கப்புறம் உன் கல்யாணக் கார்டு கூடவே ரெண்டாம் பக்கமும் போச்சு. மிச்சப் பதிமூணு வீட்டுக்கும், மறுபடி ரூபன் வீட்டுக்கும். முதல்ல கார்டு, அப்புறம் பழம், அப்புறம் பிளாஸ்டர், அப்புறம் ரெண்டாம் பக்கம். குருத்தணுவ வாழைக்குருத்து மாதிரின்னு சொன்னேன், இனிமேத்தான் என்னவா ஆகணும்னு முடிவு பண்ணப்போற செல்லுன்னு. அன்னப்பிளவோட பிறந்த பிள்ளைங்களுக்கு வாய்க்குள்ள எலும்பு வளக்குறதுக்குத்தான் நீ பாடுபடுறன்னு சொன்னேன். கையெழுத்து மட்டும் யார்கிட்டயும் வாங்கல. நாப்பது வருஷம் மில்லுல யூனியன் நடத்துன ஒரு பெரியவர், எட்டாம் நம்பரோட தாத்தா, "நீ அவளுக்கு அப்பன். நீ வந்து கேட்டா நாங்க எப்படி மாட்டோம்னு சொல்லுவோம்? வேற ஆள அனுப்பி வாங்கச் சொல்லு"ன்னாரு. அதுவும் சரிதான். அதனால நான் கேட்டு மட்டும் நோட்டுல எழுதியிருக்கேன், கையெழுத்த உங்க ஆளுங்க வந்து முறையா வாங்கணும். நடந்தத, இதெல்லாம் முறையா நடக்குதான்னு பாக்குற உங்க கமிட்டிகிட்டயும் ஒளிக்காமச் சொல்லணும். என்மேல என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கட்டும், நான் ரிட்டயர் ஆனவன், என்னத்தப் பிடுங்கப் போறாங்க.

நான் பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கல, அதான் அதிசயம். திட்டுவாங்கன்னு போனேன், அவங்க சிரிச்சு, என்னையும் சிரிக்க வச்சு வயித்தப் புண்ணாக்கிட்டாங்க. ரெண்டாம் நம்பர்க்காரி இப்ப ஜூனியர் காலேஜ் போறா, நான் ராவுன பிளாஸ்டர் ஒண்ணு ஞாபகத்துக்கு வேணும்னு கேக்குறா. பதினொண்ணாம் நம்பரோட அம்மா காட்கோபருக்குக் குடி போயிட்டா, அங்கயும் போனோம், பல்லுக் கதையக் கேட்டுட்டு உன் அம்மாவப் பிடிச்சுக்கிட்டு அழ அழச் சிரிச்சா. ஒரே ஒருத்தர்தான் சிரிக்கல, ஆறாம் நம்பரோட அப்பா, ஆட்டோ ஓட்டுறவரு. அமைதியாக் கேட்டுட்டு, "சரி அண்ணாச்சி, எனக்குச் சம்மதம். பங்கெல்லாம் வேண்டாம். நாளைக்கு இது வைத்தியமா வந்தா, லேபர் கேம்ப்ல ஒரு பிள்ளைக்கு அப்படி வாயிருந்தா, அதுக்குக் கட்டுபடியாகுற விலையில கிடைக்குமா? பேட்டன்ட்ட வச்சிருக்கவன் விலையச் சொல்லுவான், நாங்க வாசல்ல நிப்போமா?"ன்னு கேட்டாரு. என் மககிட்டக் கேட்டுச் சொல்லுறேன்னு வந்துட்டேன். மக்ளே, இதுக்கு நீ பதில் சொல்லியாகணும். அதச் செஞ்சு விக்கப்போற கம்பெனிக்கு அந்த உரிமையக் குடுக்கும்போது அப்படி ஒரு நிபந்தனை எழுத முடியுமான்னு உன் வக்கீல்கிட்டக் கேளு. முடியாதுன்னு அவர் சொன்னா, ஏன் முடியாதுன்னு கேளு.

பதிமூணு பேரு சரின்னாச்சு. இப்ப ரெண்டாவது தடவை தண்ணி குடிச்சுக்க, ஏன்னா மிச்சம் இருக்கறது ஒம்பதாம் நம்பர்.

ஒம்பதுன்னா இந்த வீட்டுல என்னன்னு எனக்குத் தெரியாதா? மத்ததெல்லாம் உன் கரைசல்ல முகத்தத் தூக்கிட்டுக் கிடந்தப்ப ஒம்பது மட்டும் வளந்துச்சு. கதவத் திறக்கும்போதே "அப்பா, ஒம்பது மறுபடியும் டப்பா நிறைஞ்சுட்டா"ன்னு சொல்லிக்கிட்டுத்தான் வருவ. உன் மாப்பிள்ளைப் பையன முதல் தடவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்பகூட அவனப் பத்திச் சொன்னத விட ஒம்பதப் பத்தித்தான் நிறையச் சொன்ன. வக்கீல் எழுதியிருக்குற பேட்டன்ட் மனுவுல செஞ்சு காட்டுனதா இருக்கறது பூரா ஒம்பத வச்சுத்தான்னும், அத எடுத்துட்டா வேற பல்ல வச்சு முதல்ல இருந்து செஞ்சு காட்ட மாசக்கணக்குல ஆகும்னும், அதுக்குள்ள வெளிநாட்டுல யாராவது முந்திக்கிட்டா உன் அஞ்சு வருஷமும் போச்சுன்னும் நீதான் சொல்லியிருக்க. மனு போடுற நாள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி. இவ்வளவும் தெரிஞ்சுதான் நான் ஒம்பதாம் நம்பர் காவ்யா வீட்டுப் படி ஏறுனேன்.

காவ்யாவுக்குப் பல்லு எடுத்தப்ப எட்டு வயசு, இப்பப் பதினொண்ணு. அம்மா முத்துச்செல்வி சயான்ல ஒரு கூரியர் ஆபீஸ்ல பார்சல் பிரிக்குறா. பிள்ள தரையில உக்காந்து மேப்புக்குக் கலர் அடிச்சிட்டு இருந்துச்சு. நான் சொல்லச் சொல்ல கலர் பென்சிலக் கீழ வச்சுட்டுக் கேட்டுச்சு, சிரிக்கவே இல்ல. "நான் கண்ண மூடிட்டு வேண்டிக்கிட்டு எறிஞ்சேன்"னு சொல்லுச்சு. தெரியும்மான்னேன். "அது பிளாஸ்டரா?" ஆமான்னேன். எந்திரிச்சு என் பக்கத்துல வந்து வாயத் திறந்து விரல வச்சுக் காட்டுச்சு. முன் பல்லு ஒண்ணு கோணலா முளைச்சிருக்கு. "பாருங்க அங்கிள், இதுனாலதான்." முத்துச்செல்விக்குச் சிரிப்பு அடங்கல. நான் முப்பது வருஷம் பல்லப் பாத்தவன், தாடையில இடம் பத்தலன்னா கோணலாத்தான் வரும்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த நேரத்துல அதச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? மன்னிச்சிரும்மான்னு சொன்னேன். பதினொரு வயசுப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்குறது என்னமோ எனக்கு நல்லா இருந்துச்சு, மக்ளே. நெஞ்சுல இருந்து ஒரு சாமான இறக்கி வச்ச மாதிரி.

அப்புறம் அது கேள்வி கேக்க ஆரம்பிச்சுது பாரு, உன் வக்கீல் பிச்சை வாங்கணும். "என் பல்லு இப்ப உசுரோட இருக்கா?" அதோட செல்லு இருக்குன்னேன். "எவ்வளவு பெருசா?" டப்பா டப்பாவா இருக்குன்னேன். "அது நானா?" தெரியல, என் மகளுக்குத் தெரியும்னேன். "நான் வேண்டாம்னா?" எடுத்துக் கொட்டிருவோம்னேன். "செத்துருமா?" ஆமான்னேன். முத்துச்செல்வி அதுக்குள்ள ஒரு பேனாவ எடுத்துட்டா. "அவ கெடக்கா அண்ணாச்சி, பேசிக்கிட்டே இருப்பா. நான்தான அம்மா, எங்க போடணும் காட்டுங்க. உங்க மக கல்யாண நேரத்துல நாங்க ஒரு தடங்கலா இருக்க மாட்டோம்"னா. எவ்வளவு தங்கமான மனசு. அந்தப் பேனா மூடி கழட்டியாச்சு. உன் அஞ்சு வருஷமும் அந்தப் பேனா முனையில நிக்கறது எனக்குத் தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் கை நீண்டுச்சு, பொய் சொல்ல மாட்டேன். உன் அம்மா தட்டுல இருந்த ஒரு வாழைப்பழத்த எடுத்து முத்துச்செல்வி கையில குடுத்து, பேனாவ வாங்கி மூடி வச்சுட்டா.

காவ்யா சொன்னது இதுதான்: "நான் அதப் பாக்கணும். பாத்துட்டுத்தான் சொல்லுவேன்." பாத்துட்டு என்னம்மா சொல்லுவன்னு கேட்டேன். "பாக்காம எப்படித் தெரியும்?"ன்னுச்சு. நான் உடனே, "சரி, என் மக உனக்குக் காட்டுவா. பாத்துட்டு நீ வேண்டாம்னா உன் கண்ணு முன்னாடியே கொட்டிருவா, ஒரு வார்த்தை பேசமாட்டா"ன்னு வாக்குக் குடுத்துட்டேன். குடுத்துட்டு, பெரிய நியாயவான் மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் படி இறங்கினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்ததும் உன் அம்மா கேட்டா: "உங்க மகளக் கேட்டீங்களா?"

கேக்கல. யோசிச்சுப் பாத்தா உன்னை நான் எதுக்கும் கேட்டதே இல்ல. நீ ஒம்பதாங்கிளாஸ் படிக்கும்போது உன் சைக்கிளத் தூக்கி உன் சித்தப்பா மகனுக்குக் குடுத்தேன், மூணு நாள் நீ என்கூடப் பேசல, நான் அதப் பிடிவாதம்னு சொன்னேன். பத்தாவது முடிச்சதும் சயன்ஸ்னு ஃபாரத்துல நானே எழுதிட்டேன். அது நல்லாத்தான் முடிஞ்சுது, அதனால நான் செஞ்சது சரின்னு இத்தன வருஷம் நினைச்சுக்கிட்டேன். பல்லு விஷயத்துலயும் அப்படித்தான், நல்லது நடந்தா கேக்காதது மறந்துரும்னு நினைச்சேன். மறக்கல. உன் அம்மாகிட்டகூட என்னைப் பிடிச்சிருக்கான்னு நான் கேட்டது கல்யாணம் ஆகி எட்டாம் வருஷம், குழம்பு கொதிச்சுட்டு இருந்துச்சு. "இருங்க, கேஸ அணைச்சுட்டு வந்து சொல்லுறேன்"னா. அந்த ஒரு நிமிஷம் நான் நின்ன நிப்பு எனக்குத்தான் தெரியும். திரும்பி வந்து, "பிடிச்சிருக்கு"ன்னா. பதில் தெரிஞ்சதுதான, ஆனாலும் அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்னைக்குக்கூட இல்ல. உனக்குச் சொல்ல என்கிட்ட இருக்குற புத்திமதி இது ஒண்ணுதான். பதில் தெரியும்னாலும் அவன்கிட்டக் கேளு, அவனையும் உன்கிட்டக் கேக்க வை. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நில்லு.

இப்ப நான் நிக்கிறேன். காவ்யாவுக்கு நான் குடுத்த வாக்கு என் வாக்கு, உன்னோடது இல்ல. அவ பாத்துட்டு வேண்டாம்னு சொல்லலாம், அப்படிச் சொன்னா மனு நின்னு போகும், கல்யாணப் பொண்ணா மேடையில நிக்கும்போது உன் மனசுல அது இருக்கும். எனக்கு அது தெரியும், அதச் சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். நீ முடியாதுன்னு சொன்னா நான் கோவப்பட மாட்டேன், நானே அந்தப் படி ஏறிப் போய், உன்னைக் கேக்காம வாக்குக் குடுத்துட்டேன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிக்கிடுறேன். அந்த வீட்டுல ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுப் பழகியாச்சு. பதில நீ இங்கிலீஷ்லயே எழுதலாம், உன் அம்மாவும் நானும் சேந்து படிச்சுக்கிடுவோம். அவசரமும் இல்ல, ரெண்டு நாள் யோசி.

சனிக்கிழமை காவ்யாவுக்கு ஸ்கூல் அரை நாள். ஒரு மணிக்கு ஸ்கூல் கேட்டுக்கு வெளிய வந்துருவா. நெருளுக்கு நான் அவளக் கூட்டிட்டு வரட்டுமா?

அப்பா